கணையப் புற்று: நரம்பு, ரத்தக்குழாய் ஊடுருவலை ஸ்லைடில் எப்படி உறுதி செய்வது?

பாராஃபின் எழுதியது:

வணக்கம். விப்பிள் ஸ்பெசிமன் (கணையத் தலையையும் சிறுகுடலின் தொடக்கமான டுவோடினத்தையும் சேர்த்து வெட்டியெடுத்த திசு) ஒன்றுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். கணையத் தலையில் 2.8 செ.மீ. டக்டல் அடினோகார்சினோமா (டக்ட், அதாவது கணைய நாளத்தின் சுரப்பிப் புற்று), மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட். ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கவில்லை. கேன்சரா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. நரம்பு ஊடுருவல், ரத்தக்குழாய் ஊடுருவல் என்ற இரண்டு வரிகளில்தான் கை நிற்கிறது.

ஒரு நரம்பை ஒட்டி சுரப்பி நிற்கிறது, ஆனால் உறைக்குள் போகவில்லை. நரம்பின் சுற்றளவில் கால்வாசியைத் தொடுகிறது. இதை 'உண்டு' என்று எழுதலாமா?

அடுத்தது, கட்டியின் ஓரத்தில் நல்ல வட்டமாக நான்கு டக்ட்டுகள். உள்ளே ஒரே வரிசையில் மியூசின் நிறைந்த உயரமான செல்கள், நியூக்ளியஸ் எல்லாம் அடியில் ஒழுங்காக நிற்கின்றன. பார்த்தால் பான்-இன் (டக்ட்டுக்குள்ளேயே நிற்கும் புற்றின் முன்நிலை) மாதிரிதான். ஆனால் சுவர் தடிமனாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தமனி வேறு.

இம்யூனோ ஸ்டெயின்களில் டி2-40 (நிணநாளத்துக்கு), சி.டி.31 (ரத்தக்குழாயின் உள்ளுறைக்கு), எஸ்-100 (நரம்புக்கு), சி.கே.7 (டக்ட் செல்லுக்கு) எல்லாம் லேபில் உண்டு. எல்லா பிளாக்கிலும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) எல்லாவற்றையும் போட்டால் நோயாளியின் பில்தான் ஏறும். ஒன்றோ இரண்டோ மட்டும் என்றால் எதைப் போடுவது?

மைக்ரோடோம் எழுதியது:

நரம்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்த டக்ட்டுகளை ஈயோசின் மேடம் வந்து பார்த்துக்கொள்வார்.

நரம்புக்கு மூன்று அடுக்கு: வெளியே எபிநியூரியம், ஒவ்வொரு கட்டையும் சுற்றி பெரிநியூரியம், உள்ளே எண்டோநியூரியம். இந்த மூன்றில் எதற்குள் கட்டிச் செல் இருந்தாலும் ஊடுருவல் உண்டு, அதில் விவாதமே இல்லை. வெளியே ஒட்டி நிற்பதற்குத்தான் அளவுகோல் வேண்டியிருந்தது. 2009-இல் லீபிக் குழுவினர் எழுதியதைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம்: நரம்பின் சுற்றளவில் குறைந்தது 33 சதவீதத்தைக் கட்டி சூழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் கால்வாசி அதற்குக் கீழே. அந்த ஒரு இடத்தை வைத்து 'உண்டு' என்று எழுத வேண்டாம்.

ஆனால் அதோடு தேடுவதை நிறுத்திவிடவும் கூடாது. கணைய டக்டல் கார்சினோமாவில் நரம்பு ஊடுருவல் இல்லாத கேஸ்தான் அபூர்வம். 'இல்லை' என்று எழுதத் தோன்றினால் முதலில் பிளாக்குகளைச் சந்தேகப்படுங்கள். கட்டியின் நடுவிலிருந்தே எல்லா பிளாக்கும் எடுத்திருந்தால் அங்கே நார்த்திசுதான் நிறைந்திருக்கும், பெரிய நரம்பு கிடைக்காது. நரம்புகள் கூட்டமாக ஓடும் இடம் தலையின் கொக்கி போன்ற அன்சினேட் பகுதியும், அது சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனியை நோக்கி ஒட்டியிருந்த பின்-உள் பக்கமும். பித்தநாளம் கணையத்துக்குள் போகும் பாதையைச் சுற்றியும் பாருங்கள். ஓரத்தில் கட்டியும் கொழுப்பும் சந்திக்கும் வரம்பு அதில் வர வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எங்கும் கிடைக்கவில்லை என்றால், கட்டி உண்மையில் கணையத்தில்தான் தொடங்கியதா, ஆம்புல்லாவிலிருந்து (பித்தநாளம் டுவோடினத்தில் திறக்கும் இடம்) வந்ததா என்று ஸ்பெசிமனை வெறும் கண்ணால் பார்த்து எடுத்த கிராஸ் படத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஏமாற்றுபவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட வீக்கத்தில் அசினார் திசு (செரிமான நொதி சுரப்பது) கரைந்து போய், ஐலெட் செல்கள் (ஹார்மோன் சுரப்பவை) மட்டும் மிஞ்சி நரம்பை ஒட்டியோ உள்ளேயோ கொத்தாக நிற்கும். சிறிய வட்ட நியூக்ளியஸ், உப்பு-மிளகு குரோமேட்டின், லூமென் இருக்காது. ஐலெட் செல் பிடிக்கும் சினாப்டோஃபைசின் ஸ்டெயினைப் போட்டால் விஷயம் முடிந்தது. இன்னொன்று, அட்ரோஃபி ஆன கணையத்தில் நரம்புகள் நெருங்கியும் தடித்தும் தெரியும். பக்கத்தில் சுருங்கிய சாதாரண டக்ட் ஒன்று நின்றால் கண் உடனே 'ஊடுருவல்' என்று சொல்லிவிடும். அப்போது லோப்யூல் வடிவம் மிச்சமிருக்கிறதா என்று லோ பவரில் பாருங்கள். ஒரே சுரப்பிக்குள் நியூக்ளியஸ் அளவு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேறுபட்டால் அது கேன்சர் பக்கம்.

ஸ்டெயின் என்று வந்தால் பெரிநியூரியத்தைக் காட்ட ஈ.எம்.ஏ.வோ குளூட்-1-ஓ போடச் சொல்பவர்கள் உண்டு. கணையத்தில் அது வீண். கட்டிச் செல்லே இரண்டையும் பிடிக்கும், எது உறை எது கட்டி என்று தெரியாது. வேண்டுமென்றால் எஸ்-100, அதுவும் சி.கே.7-உடன் இரட்டை ஸ்டெயினாக. கொழுப்புச் செல்லும் எஸ்-100 பிடிக்கும் என்பதை மறக்காமல் பார்த்தால் போதும். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. பிளாக்கை இன்னும் ஆழமாக மூன்று லெவல் வெட்டினாலே, தொட்டு நின்ற சுரப்பி உறைக்குள் நுழையும் இடம் வந்துவிடும்.

ஈயோசின் எழுதியது:

அந்த நான்கு 'டக்ட்டும்' சிரைகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கணையத்தின் கட்டமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டக்ட் லோப்யூலுக்குள்ளிருந்து ஓடி வரும். தமனியும் சிரையும் லோப்யூல்களுக்கு நடுவே செப்டாவில் ஜோடியாகப் போகும். சாதாரண டக்ட் தசைச் சுவருள்ள தமனியோடு ஒட்டி நிற்காது, நடுவில் அசினார் திசு இருக்கும். ஆகவே தமனி தெரிகிறது, அதன் ஜோடிச் சிரையைக் காணவில்லை, சிரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'டக்ட்' நிற்கிறது என்றால் அந்த டக்ட்தான் காணாமல் போன சிரை. அனாதைத் தமனி என்று சொல்வது இதைத்தான்.

இது ஏன் இவ்வளவு தவறவிடப்படுகிறது என்றால், கணையக் கார்சினோமா சிரைக்குள் போனதும் நாம் எதிர்பார்க்கிற மாதிரி கட்டியாக மிதப்பதில்லை. உள்சுவரில் எண்டோதீலியம் (குழாயின் உள்ளுறைச் செல்கள்) இருந்த இடத்தைப் பிடித்து, அழகாக வரிசைகட்டிப் படர்கிறது. வெளியே கோணல்மாணலாக இருந்த அதே செல்கள், சிரைக்குள் போனதும் உயரமாக, மியூசினோடு, லோ கிரேடு பான்-இன் போலவே தெரியும். எச் அண்ட் ஈ (வழக்கமான அடிப்படை ஸ்டெயின்) மட்டும் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டில் சிரை ஊடுருவல் குறைத்தே சொல்லப்படுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

உங்களுக்கு ஒரே ஒரு ஸ்டெயின் என்றால், சுவரின் எலாஸ்டிக் நாரைக் கறுப்பாகக் காட்டும் எலாஸ்டிக் ஸ்டெயினைப் போடுங்கள். வெர்ஹோஃப்-வான் கீசன் போதும். இம்யூனோவை விட மலிவு, அன்றைக்கே முடியும். கட்டியும் சாதாரணத் திசுவும் சந்திக்கும் ஓரம் உள்ள இரண்டு மூன்று பிளாக்கில் போட்டால் போதுமானது. சிரை என்றால் எபிதீலியத்துக்கு வெளியே கறுப்பு நார் தொடர்ச்சியாக, அலையலையாக, அடுக்காகச் சுற்றி வரும். நடுநடுவே மஞ்சளாகத் தசைக் கீற்று தெரியும்.

சி.டி.31 போட்டு ஏமாறாதீர்கள். எண்டோதீலியத்தைக் கட்டியே விழுங்கிய பிறகு சி.டி.31 எதைக் காட்டும்? நெகட்டிவ் வந்ததும் 'சிரை இல்லை' என்று முடிவெடுத்தால் மிக முன்னேறிய ஊடுருவலைத்தான் தவறவிடுவீர்கள். எண்டோதீலியத்தையே காட்டும் இ.ஆர்.ஜி.க்கும் இதே கதை. சின்ன சிரைகளில் எலாஸ்டிக் நார் இயல்பாகவே குறைவு என்பதால், எலாஸ்டிக்கும் நெகட்டிவ் என்றால் டெஸ்மின் போட்டுப் பாருங்கள். சுவரின் மென்தசை மாலை மாதிரி பிடிக்கும். ஆக்டினை விட டெஸ்மின் நல்லது: கட்டியைச் சுற்றிய நார்த்திசுவில் உள்ள மையோஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் ஆக்டினைப் பிடித்து ஸ்லைடையே பழுப்பாக்கிவிடும்.

டி2-40 நிணநாளத்துக்கு நல்ல ஸ்டெயின்தான், ஆனால் கணையத்தில் இரண்டு பொறி வைத்திருக்கிறது. கட்டியைச் சுற்றிய ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் பலவும் அதைப் பிடிக்கும். பெரிநியூரியமும் பிடிக்கும். உறைக்குள் புகுந்த கட்டியைச் சுற்றி பழுப்பு வளையம் தெரிந்ததும் நிணநாள ஊடுருவல் என்று எழுதிவிட்டால், ஒரு வரி தவறாக 'உண்டு' ஆகும், இன்னொரு வரி தவறாக 'இல்லை' ஆகும். வளையத்துக்குள் நரம்பிழை இருக்கிறதா என்று பக்கத்து எச் அண்ட் ஈ-யில் அதே இடத்தைப் பாருங்கள். ஃபிக்சேஷனில் திசு சுருங்கிக் கட்டியைச் சுற்றி உண்டாகும் வெற்றிடத்தையும் நிணநாளம் என்று எண்ணக் கூடாது. வெற்றிடம் கட்டியின் வளைவை அச்சு எடுத்தது போலவே இருக்கும், ஓரத்தில் தட்டையான நியூக்ளியஸ் இருக்காது.

ஹிஸ்டோடெக் எழுதியது:

எலாஸ்டிக் போடச் சொல்லிவிட்டார்கள், நாலு வரி நானும் சொல்லிவிடுகிறேன். பாதி லேபில் இந்த ஸ்டெயின் கெடுவது டிஃபரன்ஷியேஷனில்தான் (கூடுதல் சாயத்தை வெளுக்கும் கட்டம்).

வெர்ஹோஃப் கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். 5 சதவீத ஆல்கஹாலிக் ஹெமடாக்சிலின் 20 மி.லி., 10 சதவீத ஃபெரிக் குளோரைடு 8 மி.லி., லூகால்ஸ் அயோடின் 8 மி.லி. இதே வரிசையில் ஊற்றிக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததை இன்றைக்குப் போட்டால் சாம்பல் நிறம்தான் வரும். செக்‌ஷன் முழுக்கக் கறுப்பாகும் வரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். கழுவிவிட்டு 2 சதவீத ஃபெரிக் குளோரைடில் ஆட்டுங்கள். ஒன்றிரண்டு நிமிடம்தான், நேரத்தை நம்பாதீர்கள். எடுத்துத் தண்ணீரில் காட்டி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஸ்லைடிலேயே பெரிய தமனி ஒன்று இருக்கும், அதன் உள் எலாஸ்டிக் கோடுதான் உங்கள் கன்ட்ரோல். அது கன்னங்கரேலென்று, பின்னணி சாம்பலாக வந்ததும் நிறுத்துங்கள். கொஞ்சம் கூடுதல் கறுப்பாகவே விடுவது நல்லது, பின்னால் வான் கீசனில் உள்ள பிக்ரிக் அமிலமும் மேலும் நிறத்தை வெளுக்கும். அதிகம் வெளுத்துவிட்டால் வான் கீசன் போடாத வரைக்கும் மறுபடி வெர்ஹோஃபில் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு 5 சதவீத சோடியம் தயோசல்ஃபேட் ஒரு நிமிடம், அயோடின் போக. நன்றாகக் கழுவி, வான் கீசன் 3 முதல் 5 நிமிடம். அதன் பிறகு தண்ணீர் காட்டாதீர்கள், மஞ்சள் ஓடிவிடும். நேராக 95 சதவீத ஆல்கஹால், அப்சல்யூட், சைலீன், மவுன்ட்.

எச் அண்ட் ஈ-க்கு அடுத்த செக்‌ஷனையே எலாஸ்டிக்குக்கு எடுத்து வையுங்கள். பிளாக்கைத் திரும்ப ஏற்றி ட்ரிம் பண்ணினால் டாக்டர் குறித்த அந்தக் குழாயே போய்விடும்.

பாராஃபின் எழுதியது:

மூவருக்கும் நன்றி. எலாஸ்டிக் போட்டாயிற்று. நான்கில் மூன்றில் கறுப்பு அடுக்கு முழு வட்டமாக வருகிறது, பக்கத்துத் தமனிகளுக்கு ஜோடிச் சிரை இல்லை. நான்காவதில் அங்கங்கே துண்டு துண்டாக மெல்லிய நார்கள் மட்டும். அதை என்ன செய்வது?

லெவல் வெட்டியதில் நரம்புக்குள் கட்டி தெளிவாகக் கிடைத்தது. அதில் ஒரு நரம்பு மெசென்ட்ரிக் தமனிப் பக்க மார்ஜினில் (வெட்டிய ஓரம்) பூசிய மையிலிருந்து 0.6 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. முக்கியக் கட்டி அங்கிருந்து 4 மி.மீ. தள்ளி. இது ஆர்-0-வா (ஓரத்தில் கட்டி மிச்சமில்லை), ஆர்-1-ஆ (மைக்ரோஸ்கோப்பில் மிச்சமுண்டு)?

ஈயோசின் எழுதியது:

நான்காவதை விட்டுவிடுங்கள். கணைய டக்டைச் சுற்றியும் எலாஸ்டிக் நார் சேரும், கட்டிக்கு அருகில் இன்னும் அதிகமாகவே. உடைந்த, ஒழுங்கற்ற நாரை வைத்துச் சிரை என்று சொல்லக் கூடாது. அடுக்கும் தொடர்ச்சியும் வேண்டும். மூன்று இருக்கிறதே, போதும். ரிப்போர்ட்டில் 'லிம்போவாஸ்குலர் இன்வேஷன்: உண்டு' என்று மட்டும் போடாமல், 'சிரை, எலாஸ்டிக் ஸ்டெயினில் உறுதி' என்று சேர்த்து எழுதுங்கள். ஜப்பானில் நிணநாளம், சிரை, நரம்பு மூன்றையும் தனித்தனியே 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். நமக்குத் தரம் கட்டாயமில்லை, ஆனால் சிரையையும் நிணநாளத்தையும் ஒரே டப்பாவில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. சிரை என்பது போர்ட்டல் வழியாக ஈரலுக்கு நேர் பாதை.

மைக்ரோடோம் எழுதியது:

மார்ஜின் கேள்விக்கு விடை நீங்கள் எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மையைக் கட்டி தொட்டால்தான் ஆர்-1 என்பது ஒரு கணக்கு. பிரிட்டிஷ் கணக்கில் 1 மி.மீ.க்குள் கட்டி வந்தாலே ஆர்-1. அந்தக் கட்டிச் செல் நரம்பின் வழியாக வந்ததா, நேராகப் பரவி வந்ததா என்று பார்த்து அதற்குச் சலுகை கொடுக்க நான் தயாரில்லை. கட்டிச் செல் எப்படி வந்தாலும் கட்டிச் செல்தான். 'மெசென்ட்ரிக் தமனி மார்ஜின்: நரம்புக்குள் உள்ள கட்டி 0.6 மி.மீ., முதன்மைக் கட்டி 4 மி.மீ.; 1 மி.மீ. விதிப்படி ஆர்-1' என்று எழுதுங்கள். எந்த விதியில் படித்தாலும் ஆன்காலஜிஸ்ட்டுக்குத் தகவல் கிடைத்துவிடும். வெறும் 'ஆர்-1' என்று எழுதினால்தான் பிரச்சினை.

இந்த 0.6 உண்மையான 0.6 ஆக இருக்க வேண்டுமென்றால் அந்த மார்ஜினை மைக்குச் செங்குத்தாக வெட்டியிருக்க வேண்டும். தோல் சீவுவது போல மேலாக ஷேவ் எடுத்திருந்தால் அளவே கிடையாது. இனி வரும் ஸ்பெசிமனுக்கு: போர்ட்டல் சிரை அமர்ந்திருந்த பள்ளம் வழவழப்பாக, லேசாகக் குழிந்திருக்கும், அதற்கு ஒரு நிறம். அதை ஒட்டி இடப் பின்பக்கம் சொரசொரப்பாக, கிளிப் அடித்தும் கருகியும் இருப்பதுதான் தமனிப் பக்கம், அதற்கு வேறு நிறம். பின்பக்கமும் முன்பக்கமும் தனித்தனி. ஃபார்மலினில் ஒன்றிரண்டு நாள் ஊறிய பிறகு டுவோடினத்தின் நீள அச்சுக்குக் குறுக்காக 3 முதல் 5 மி.மீ. துண்டுகளாக வெட்டினால், சி.டி. படத்தின் அதே தளம் கையில் கிடைக்கும். பித்தநாளத்தை நீளவாக்கில் பிளந்தால் இந்த உறவெல்லாம் குலைந்துவிடும்.

டி நிலை (கட்டியின் அளவையும் பரவலையும் சொல்வது) மாறாது. புற்று நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் 8-ஆம் பதிப்பில் 2-க்கு மேல் 4 செ.மீ. வரை டி-2. நரம்போ சின்ன சிரையோ அதை ஏற்றாது. டி-4 என்பது சீலியாக், சுப்பீரியர் மெசென்ட்ரிக், காமன் ஹெப்பாடிக் தமனிகளுக்கு மட்டும். போர்ட்டல் சிரையே ஊடுருவப்பட்டாலும் டி ஏறாது. சிரைத் துண்டு ஒட்டி வந்திருந்தால் மட்டும் கட்டி எந்த அடுக்கு வரை போயிருக்கிறது, அட்வென்டீஷியாவா, மீடியாவா, இன்டிமாவா என்று எழுதுங்கள். வெறும் ஒட்டுதலாகவும் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

போர்ட்டல்ஃபேஸ் எழுதியது:

ரேடியாலஜி பக்கமிருந்து. இந்தக் கேஸில் சர்ஜன் 'சி.டி.யில் எதுவும் தெரியவில்லையே' என்று கேட்பார், அதற்காக எழுதுகிறேன்.

நாம் சி.டி.யில் மதிப்பிடுவது பெயர் வைத்த பெரிய குழாய்களை. ஸ்லைடில் தெரியும் செப்டா சிரைகள் எங்களுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் ஏற்றி 40 முதல் 50 விநாடியில் கணையக் கட்டம், 65 முதல் 70 விநாடியில் போர்ட்டல் கட்டம், 3 மி.மீ.க்கு மேல் போகாத மெல்லிய துண்டுகள். ஒவ்வொரு குழாய்க்கும் கட்டி எத்தனை டிகிரி தொடுகிறது, எவ்வளவு நீளம், குழாயின் வடிவம் கெட்டிருக்கிறதா, உள்ளே உறைவு உண்டா என்று எழுத வேண்டும். 180 டிகிரிதான் எல்லைக் கோடு. மெசென்ட்ரிக் சிரை வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி மாதிரி இழுபட்டிருந்தால் டிகிரி குறைவாக இருந்தாலும் ஊடுருவல் என்றே எடுத்துக்கொள்வேன். வலது ஹெப்பாடிக் தமனி மெசென்ட்ரிக்கிலிருந்து கிளம்புகிறதா என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அது கட்டிக்குப் பின்னாலேயே ஓடும்.

நரம்பு ஊடுருவலை மறைமுகமாகத்தான் பார்க்கிறோம். தலைப்பகுதிக்கு இரண்டு வழி: வலது சீலியாக் கேங்லியானிலிருந்து (நரம்பு முடிச்சு) தலையின் மேல்-உள் பக்கத்துக்கு ஒன்று, மெசென்ட்ரிக் தமனியின் நரம்புப் பின்னலிலிருந்து இன்ஃபீரியர் பேங்க்ரியாட்டிகோடுவோடினல் தமனியோடு அன்சினேட்டுக்கு இன்னொன்று. அந்தப் பாதையில் கொழுப்பு கலங்கி, கட்டியிலிருந்து தொடர்ச்சியாக இழை ஓடினால் சந்தேகம். பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த சி.டி.யில் இந்தக் கலங்கலை நம்ப முடியாது, லேசான பேங்க்ரியாட்டைட்டிஸ் கூட இதே மாதிரி காட்டும். அதனால்தான் ஸ்டென்ட்டுக்கு முன் சி.டி. எடுக்கச் சொல்லி மன்றாடுகிறோம். கீமோ கொடுத்த பிறகு நிலைமை தலைகீழ்: குழாயைச் சுற்றிய தடிப்பு அப்படியே நிற்கும், அதில் உயிருள்ள கட்டி எவ்வளவு, வெறும் வடு எவ்வளவு என்று சி.டி. சொல்லாது.

ரிட்ராக்டர் எழுதியது:

சர்ஜன் தரப்பில் ஒன்று. 0.6 மி.மீ. என்று வந்ததும் 'தமனியைச் சுற்றி முழுப் பின்னலையும் எடுத்திருக்கலாமே' என்று டியூமர் போர்டில் யாராவது கேட்பார்கள். சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனியைச் சுற்றி 360 டிகிரியும் பின்னலைச் சுரண்டி எடுத்தால் நோயாளிக்கு அடங்காத வயிற்றுப்போக்கு வரும். அந்த நிலையில் அட்ஜுவன்ட் (ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும்) கீமோவை முழுதாக முடிப்பதே கஷ்டம். வலது பாதியை எடுத்து இடது பாதியை விடுவது அதனால்தான். கணையக் கழுத்து மார்ஜினில், ஃப்ரோசனில் (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது) நரம்புக்குள் கட்டி என்று சொன்னால் இன்னொரு துண்டு வெட்டித் தர முடியும். தமனிப் பக்கம் அப்படி வெட்ட இடமில்லை, ஆகவே அங்கே ஃப்ரோசன் அனுப்பி உங்களைத் தொந்தரவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பாராஃபின், உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊடுருவிய நரம்பு கணையத்துக்குள்ளா, வெளியே கொழுப்பிலா என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் தேவை.

பாராஃபின் எழுதியது:

வெளியே, கொழுப்பில்தான். சேர்த்து எழுதிவிட்டேன்.

ஹிஸ்டோடெக் எழுதியது:

டாக்டர், அந்த எலாஸ்டிக் ஸ்லைடையும் பிளாக் எண் போட்டு கேஸோடு சேர்த்து வையுங்கள். ஸ்பெஷல் ஸ்டெயின் ட்ரேயில் தனியாகப் போனால், செகண்ட் ஒப்பீனியன் கேட்டு வரும்போது எச் அண்ட் ஈ மட்டும்தான் வெளியே போகும்.